ஃபிரிஹிலியானா: சுண்ணாம்புச் சுவர்களும் ஒரு தடைசெய்யப்பட்ட மொழியும்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி நிற்கும் அல்மிஹாரா மலைத்தொடரின் சரிவில் அமைந்துள்ள சிற்றூர் ஃபிரிஹிலியானா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம்; மூவாயிரம் பேரளவில் மக்கள்தொகை. அந்நாட்டின் மிக அழகிய ஊர்களுள் ஒன்றெனப் பட்டியலில் இடம்பெற்றது. வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள், மலர்த்தொட்டிகள், வளைந்தேறும் படிகள் என அதன் அழகைப் பாடப் பயண நூல்கள் பல உள்ளன. ஆகவே அதனை அவர்களிடமே விட்டுவிடலாம். இவ்வீதிகளை அமைத்தவர்கள் யார், அவர்கள் எங்கே போனார்கள், அவர்களைப் பற்றி இவ்வூர் இன்று என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பனவே இக்கட்டுரையில் நாம் காண விழைவன.

மாலகா நகரிலிருந்து கிழக்கே கடற்கரையை ஒட்டிச் சென்றால் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் நெர்ஹா என்னும் கடலோர ஊர். அங்கிருந்து உள்நாட்டு நோக்கி ஆறு கிலோமீட்டர் ஏறினால் ஃபிரிஹிலியானா. இவ்வட்டாரத்துக்கு ஆக்ஸார்க்கியா என்று பெயர். 'கிழக்குப் பகுதி' எனப் பொருள்படும் 'அஷ்-ஷர்க்கிய்யா' என்ற அரபுச் சொல்லே ஸ்பானிய நாவில் இவ்வாறு உருமாறிற்று. ஊர்ப்பெயரோ இன்னும் பழையது. உரோமானிய நிலக்கிழார் ஒருவரின் பெயரடியாகப் பிறந்ததென்பது அறிஞர் பலரின் கருத்து. பேருந்து ஏறும் சாலையின் இருமருங்கும் படிப்படியாக வெட்டப்பட்ட மலைவயல்கள். ஆலிவும் திராட்சையும் எதிர்பார்த்தவையே. அவற்றினிடையே வரிசை வரிசையாக மாமரங்கள் நின்றதைக் கண்டு எங்களுள் ஒருவர் இருக்கையை விட்டே எழுந்துவிட்டார்! அண்மைப் பத்தாண்டுகளில் இவ்வட்டாரத்தில் மாவும் வெண்ணெய்ப்பழமும் பெரும்பயிராகிவிட்டன. எனினும் அம்மரங்கள் நிற்கும் படிவயல்களின் அமைப்பும், அவற்றுக்கு நீர் கொணர்ந்த வாய்க்கால் முறையும் பழையவை. ஸ்பானியர் வாய்க்காலை இன்றும் 'அஸேக்கியா' என்றே வழங்குகின்றனர். அதுவும் அரபுச் சொல்லே.

ஊரின் பழம்பகுதிக்குப் 'பரிபார்த்தோ' என்று பெயர். 'மேட்டுத்தெரு' எனப் பொருள்படும் ஸ்பானியத் தொடரின் பேச்சு மரூஉ. வண்டி நுழைய இயலாத குறுந்தெருக்கள். கருங்கூழாங்கற்களையும் வெண்கூழாங்கற்களையும் கோலம்போல் பதித்த படிக்கட்டுகள். சில சந்துகள் இரண்டு வீடுகளைக் கடந்ததும் ஒரு சுவரில் முட்டி நின்றுவிடுகின்றன. 'அதார்வே' என வழங்கும் இம்முட்டுச்சந்துகள் இசுலாமிய ஸ்பெயினின் நகரமைப்புக்குரிய தனிக்கூறு. வெளியார் கடந்து செல்லும் வழியன்று. சில குடும்பங்களுக்குரிய பொதுமுற்றம் போன்றது. தெருவைப் பார்த்த சாளரங்கள் சிறியன. வீட்டின் முகம் உள்நோக்கியது. படமெடுப்போர் பலர் இம்முட்டுச்சந்துகளில் வழிதவறி நுழைந்து, சிரித்தவாறு திரும்பி வருவதைக் கண்டோம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இவ்வெண்மை முழுவதும் 'மூர்களின்' கொடை என வழிகாட்டிகள் சொல்வது முற்றிலும் சரியன்று. சுண்ணாம்பு பூசுதல் பழைய வழக்கமே எனினும், ஊர் முழுவதையும் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கம் பிற்காலத்தில், கொள்ளைநோய்க் காலங்களில் தூய்மை கருதிப் பரவியது. தெருவின் போக்கு அவர்களுடையது. வண்ணம் பின்னால் வந்தது.

பரிபார்த்தோவின் சுவர்களில் ஆங்காங்கே, ஓவியமும் எழுத்தும் தீட்டிய பீங்கான் ஓட்டுப் படங்கள் பதிக்கப்பட்டுள்ளன. மொத்தம் பன்னிரண்டு. ஸ்பானியம் அறிந்தவர் எங்கள் குழுவில் ஒருவரே. அவர் படித்துச் சொல்ல, படியேறிப் படியிறங்கி ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டோம். 1568 முதல் 1571 வரை நடந்த மொரிஸ்கோக்கள் எழுச்சியையும், 1569 ஜூன் 11 அன்று இவ்வூருக்கு மேலேயுள்ள மலையுச்சியில் நிகழ்ந்த போரையும் அவை கூறுகின்றன. தோற்றவர்களின் கதையைத் தன் சுவர்களில் எழுதி வைத்துக்கொள்ளும் ஊர்கள் உலகில் மிகுதியாக இல்லை. அவ்வளவில் ஃபிரிஹிலியானாவைப் பாராட்டவே வேண்டும். ஆனால் பன்னிரண்டு ஓடுகளில் அடங்கிவிடும் கதையன்று அது.

1487 ஏப்ரலில் வேலெஸ்-மாலகா நகரம் காஸ்டிலியப் படைகளிடம் சரணடைந்தது. அதனைச் சார்ந்த மலையூர்களும் அடங்கின. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1491 நவம்பரில், கிரனாடாவின் கடைசி முசுலிம் மன்னருடன் அரசி இசபெல்லாவும் அரசர் பெர்டினாண்டும் செய்துகொண்ட உடன்படிக்கை மக்களின் சமயத்துக்கும், வழிபாட்டிடங்களுக்கும், சட்டத்துக்கும், வழக்கங்களுக்கும் உறுதியளித்தது. 1492 ஜனவரி 2 அன்று கிரனாடாக் கோட்டை கைமாறியது. உறுதிமொழியின் ஆயுள் எட்டு ஆண்டுகள்கூட இல்லை. 1499 இறுதியில் கிரனாடாவுக்கு வந்த பேராயர் சிஸ்னேரோஸ் கட்டாய ஞானமுழுக்கைத் தொடங்கினார். அரபு நூல்கள் பொதுவெளியில் குவித்துக் கொளுத்தப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. நோய்க்குச் சமயம் இல்லை அல்லவா! மக்கள் கிளர்ந்தனர், அடக்கப்பட்டனர், ஊர் ஊராக மதம் மாற்றப்பட்டனர். அவ்வாறு மாற்றப்பட்டோரே 'மொரிஸ்கோ' எனப்பட்டனர்.

பெயரளவில் கிறித்தவர், பேச்சில் அரபு, உடையிலும் உணவிலும் பழைய வழக்கம். 1526இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கிரனாடாவுக்கு வந்தபோது இவ்வழக்கங்களுக்கு ஒரு தடையாணை பிறந்தது. பெருந்தொகை செலுத்தி அதனை நிறுத்தி வைக்கும் வாய்ப்பை மொரிஸ்கோக்கள் பெற்றனர். நாற்பது ஆண்டுகள் அப்பணம் தடையைத் தாங்கி நின்றது. பின்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில், 1567 ஜனவரி முதல் நாள், ஆணை மீண்டும் முழங்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் அனைவரும் காஸ்டிலிய மொழி கற்க வேண்டும். அதன்பின் அரபு மொழியைப் பேசுதலோ படித்தலோ எழுதுதலோ கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. பெண்கள் முகத்திரை அணியலாகாது. குளியல் மண்டபங்கள் இடிக்கப்பட வேண்டும். வெள்ளிக்கிழமைகளிலும் விழா நாட்களிலும் வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும்.

இக்கடைசி விதியைப் பரிபார்த்தோவில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். முகத்தை உள்ளே திருப்பிக் கட்டப்பட்ட வீடுகள் அவை.

இவ்வாணையை எதிர்த்து எழுந்த ஓர் எழுத்து நமக்குக் கிடைத்துள்ளது. கிரனாடாவின் முதிய மொரிஸ்கோப் பெருமகன் பிரான்சிஸ்கோ நூனெஸ் முலே, உயர்மன்றத் தலைவராயிருந்த பேத்ரோ தே தேசாவுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் வரைந்தார். இளமையில் கிரனாடாவின் முதல் பேராயர் தலவேராவிடம் பணியாளாக இருந்தவர் அவர். பழைய உறுதிமொழிகளின் காலத்தை நேரில் கண்டவர். அவருடைய வாதம் மிக எளிது, மிகக் கூரியது. உடை என்பது சமய அடையாளமன்று, வட்டார வழக்கு. கிழக்கு நாடுகளில் கிறித்தவர்கள் அரபு பேசுகிறார்கள். மால்டாத் தீவின் கிறித்தவர்களும் அவ்வாறே. அவர்களை எவரும் கிறித்தவரல்லர் என்பதில்லை. மலையூர்களில் பிறந்து வளர்ந்த முதியோர் மூன்று ஆண்டுகளில் ஒரு புதுமொழியை எங்ஙனம் கற்பர்? மொழியும் சமயமும் ஒன்றல்ல என்பதை இத்துணைத் தெளிவாகக் கூறிய பதினாறாம் நூற்றாண்டு ஆவணம் பிறிதொன்றை நாம் அறியோம். விண்ணப்பம் பயனளிக்கவில்லை.

ஆணையை ஊர்தோறும் நடைமுறைப்படுத்த வேண்டிய அதிகாரிகளின் பதவிப்பெயர்களைப் பாருங்கள். ஊர்த்தலைவர் 'அல்கால்தே', அது அரபின் 'அல்-காதி'. காவல் அலுவலர் 'அல்குவாசில்', அது 'அல்-வஸீர்'. நம் நாட்டில் காஜி, வஜீர் என வழங்கிய அதே சொற்கள்! கோட்டைத் தலைவன் 'அல்காய்தே', அது 'அல்-காயித்'. அரபு பேசியவனைப் பிடிக்க வந்தவன் தன் பதவியைச் சொல்ல வாய் திறந்தால் அரபே வந்தது. இதை நம் கண்டுபிடிப்பென்று கருத வேண்டா. 1615இல் வெளிவந்த 'தோன் கிஹோத்தே' இரண்டாம் பாகத்தில், 'அல்' எனத் தொடங்கும் சொற்கள் மூர்களின் மொழியிலிருந்து வந்தவை என்று கிஹோத்தே தன் தோழன் சாஞ்சோவுக்குப் பாடம் நடத்துகிறார். அவர் அடுக்கும் பட்டியலில் இந்த 'அல்குவாசில்' என்ற சொல்லும் உண்டு. மொரிஸ்கோக்கள் நாட்டை விட்டே துரத்தப்பட்டு ஓராண்டுதான் கடந்திருந்தது என்பதை நினைவில் கொண்டு அப்பகுதியைப் படித்தால் அதன் நகைச்சுவை வேறு விதமாகத் தெரியும்.

1568 டிசம்பர் 24 இரவு, கிரனாடாவுக்குத் தெற்கேயுள்ள அல்புஹாரா மலைகளில் எழுச்சி வெடித்தது. ஆக்ஸார்க்கியா உடனே சேர்ந்துகொள்ளவில்லை. 1569 வசந்தத்தில்தான் பெந்தோமிஸ் மலைப்பகுதி ஊர்கள் கிளர்ந்தன. பல ஊர்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கால்நடைகளுடன் ஃபிரிஹிலியானாவுக்கு மேலேயுள்ள பாறைக்குன்றில் ஏறித் திரண்டனர். 'பேஞோன்' என்பர் அதனை. செங்குத்தான பெரும்பாறை என்று பொருள். மே மாதத்தில் மாலகா, வேலெஸ் பகுதி ஆட்சியாளர் அரேவலோ தே சுவாசோ திரட்டிச் சென்ற படை தோற்றுத் திரும்பியது. அவ்வேளையில் இத்தாலியிலிருந்து கப்பற்படையுடன் வந்திருந்த தளபதி லூயிஸ் தே ரெக்கேசென்ஸ் தன் அனுபவம் மிக்க காலாட்படையைக் கரையிறக்கினார். ஜூன் 11 அன்று குன்றைப் பல முனைகளிலும் தாக்கினர்.

மேலிருந்து பாறைகள் உருண்டன. பெண்களும் கல்லெறிந்து போரிட்டனர் என்றும், அனைத்தும் முடிந்தபோது பலர் பிடிபடுவதற்கு அஞ்சிச் செங்குத்துச் சரிவில் குதித்து மாண்டனர் என்றும் அக்கால வரலாற்றாசிரியர் லூயிஸ் தெல் மார்மோல் கார்வஹால் எழுதுகிறார். அவர் தரும் கணக்கின்படி குன்றில் இறந்த மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ 2000. சிறைப்பட்டோர் ஏறத்தாழ 3000. சிறைப்பட்டோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் அடிமைகளாயினர். ஊரின் பழைய கோட்டையும் அழிந்தது. இன்று அவ்விடத்தில் சில அடித்தளக் கற்களும், கீழே கடலும் ஊரும் சேர்ந்து தெரியும் ஓர் அரிய காட்சியும் மட்டுமே உள்ளன. ரெக்கேசென்ஸ் இரண்டாண்டுகளில் லெப்பாந்தோக் கடற்போரில் புகழீட்டி, பின்னர் நெதர்லாந்தின் ஆளுநரானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஃபிரிஹிலியானாவுக்குச் சில வரிகள் கிடைத்தாலே பெரிது.

மார்மோலைப் பற்றி ஒரு சொல். அவர் இளமையில் வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்டு வாழ்ந்து அரபு கற்றவர். அவர் நூல் 1600இல் அச்சேறியது. இதே போரைப் பற்றி எழுதிய இன்னொரு பெருமகன் தியேகோ ஊர்த்தாதோ தே மென்தோசா. அரச குலத்தொடர்புடைய கவிஞர். அவர் நூல் அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின் 1627இல்தான் வெளிவந்தது. ஸ்பானிய உரைநடையின் சிறந்த நூல்களுள் ஒன்றென அதனைப் போற்றுவர். இருவரும் தோற்றவர்களின்பால் முற்றிலும் இரக்கமற்றவர் அல்லர். ஆயினும் இருவருமே வென்ற தரப்பினர். குன்றின் மேலிருந்து கீழே பார்த்து எழுதப்பட்ட ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. சுவரோடுகள் சொல்லும் கதையும் இந்நூல்களின் வழி வந்ததே.

எழுச்சி அடங்குமுன்னரே, 1570 இறுதியில், கிரனாடா அரசின் மொரிஸ்கோக்கள் கூட்டங்கூட்டமாக வடக்கே காஸ்டிலியாவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். பெயர்க்கப்பட்டோர் தொகை 80,000 அளவில் இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர் கணிப்பு. குளிர்காலப் பயணத்தில் மாண்டவர் பலர். 1571 பிப்ரவரி 24 தேதியிட்ட அரசாணை அவர்களின் வீடு, நிலம், மரம் அனைத்தையும் அரசுடைமையாக்கியது. பிற பகுதிகளிலிருந்து பழங்கிறித்தவக் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. ஊர்தோறும் அலுவலர்கள் சென்று எந்த வயல் யாருடையது, எத்தனை ஆலிவ் மரம், எத்தனை முசுக்கட்டை மரம், எந்த வாய்க்காலின் நீர் எந்நாளில் யாருக்கு என்று அளந்து பதிந்தனர். 'அபேயோ' என்னும் இந்நிலப்பதிவேடுகளில் பல இன்றும் உள்ளன. மனிதரைத் துரத்தியபின் அவர்தம் மரங்களை இத்துணை கவனமாக எண்ணிய ஆவணங்களைப் படிப்பது எளிதன்று. இறுதியாக 1609 தொடங்கி 1614 வரை, ஸ்பெயின் முழுவதிலுமிருந்தும் ஏறத்தாழ மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் கடல் கடத்தப்பட்டனர்.

காலியான ஃபிரிஹிலியானா மன்ரிக்கே தே லாரா என்னும் பிரபுக் குடும்பத்தின் உடைமையாயிற்று. அவர்கள் ஊர் நுழைவாயிலருகே ஒரு பெருமாளிகை எழுப்பினர். இடிந்த கோட்டையின் கற்கள் அதற்குப் பயன்பட்டன என்பர். பின்னர் அம்மாளிகை கரும்பாலையாக மாறியது. 'எல் இன்ஹேனியோ' என்று அதற்குப் பெயர். கரும்பாலைக்கு அங்கே வழங்கும் பொதுச்சொல்லே அவ்வாலையின் பெயராக நின்றுவிட்டது. இன்றும் அங்கே கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிய கருநிறப் பாகு உற்பத்தியாகிறது. 'கரும்புத்தேன்' என அதனை அழைக்கின்றனர். நம் ஊர் வெல்லப்பாகின் சுவை, சற்றே கசப்புடன். ஐரோப்பாவில் இத்தகைய ஆலை இது ஒன்றே என்று ஊரார் பெருமையுடன் சொன்னார்கள். போர்த்துகலின் மதீராத் தீவை மறந்துவிட்டுச் சொல்கிறார்கள். ஐரோப்பியப் பெருநிலத்தில் என்று திருத்திக்கொண்டால் அப்பெருமை நிற்கும்.

கரும்பு இங்கே வந்த வழி தமிழ் வாசகர்க்குச் சுவையானது. இந்தியாவிலிருந்து பாரசீகம், அங்கிருந்து அரபு நாடுகள், அங்கிருந்து வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயின். 961ஆம் ஆண்டைச் சார்ந்த கோர்தோபா வேளாண் நாட்காட்டியில் கரும்பு குறிப்பிடப்படுகிறது. சொல்லும் செடியோடு பயணம் செய்தது: வடமொழியின் 'சர்க்கரா', பாரசீகத்தின் 'ஷக்கர்', அரபின் 'அஸ்-ஸுக்கர்', ஸ்பானியத்தின் 'அஸூக்கார்'. நாம் நாள்தோறும் சொல்லும் சர்க்கரைதான். 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கானரித் தீவுகளிலிருந்து கரும்பைக் கரீபியனுக்கு எடுத்துச் சென்றார். அதன்பின் அங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த சர்க்கரைப் பேரரசின் கதை அனைவரும் அறிந்ததே. இந்தக் கடற்கரையில் ஆயிரம் ஆண்டுகள் நின்ற கரும்பு, சலோப்ரேஞாவில் இருந்த கடைசிச் சர்க்கரை ஆலை 2006இல் மூடப்பட்டபோது வணிகப் பயிராக முடிவுக்கு வந்தது. கரும்பு போய்விட்ட கடற்கரையில் ஆலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உணவகங்களில் தவறாது கிடைப்பது, மெல்லிதாக அரிந்து பொரித்த கத்தரிக்காயின் மேல் அந்தக் கரும்புத்தேனை ஊற்றித் தரும் ஓர் உணவு. கத்தரிக்காய் விரும்பாத நண்பரும் இருமுறை வாங்கி உண்டார். கத்தரிக்காய்க்கு ஸ்பானியத்தில் 'பெரென்ஹேனா'. அரபின் 'பாதிஞ்சான்', பாரசீகத்தின் 'பாதிங்கான்', அதற்கு முன் வடமொழியின் 'வாதிங்கண' எனப் பின்னோக்கிச் செல்லும் அச்சொல்லுக்கு வேர் திராவிட மொழிகளில், நம் 'வழுதுணை'யோடு உறவுடையதாக இருக்கலாம் என்று மொழியறிஞர் சிலர் கருதுகின்றனர். செர்வாந்தேஸ் இங்கும் வந்துவிடுகிறார். தம் நாவலை எழுதியவர் சிதே அமேத்தே பெனென்ஹேலி என்னும் அரபு வரலாற்றாசிரியர் என்பது அவர் செய்த கற்பனை. தொலேதோச் சந்தையில் கிடைத்த அரபுத் தாள்களை ஒரு மொரிஸ்கோவைக் கொண்டு மொழிபெயர்ப்பித்ததாகவும், அதற்குக் கூலியாக உலர்திராட்சையும் கோதுமையும் கொடுத்ததாகவும் முதற்பாகத்தில் வருகிறது. அந்த ஆசிரியரின் பெயர் சாஞ்சோவின் வாயில் நுழையவில்லை, 'பெரென்ஹேனா' என்கிறான்! அரபு எழுத்து குற்றமாக்கப்பட்ட நாட்டில், அந்நாட்டின் தலைசிறந்த நாவல் தன்னை ஓர் அரபுக் கையெழுத்துப்படியின் மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொண்டது.

இனி, சுவரோடுகள் சொல்லாத ஒன்று. இதே மலைகளில் இன்னொரு போரும் நடந்தது. உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தபின், பிராங்கோவின் ஆட்சியை எதிர்த்த கொரில்லாக் குழுக்கள் 1940களின் நடுப்பகுதி முதல் 1952 வரை அல்மிஹாரா மலைகளில் இயங்கின. 'ரொபெர்த்தோ' என்ற புனைபெயருடைய தலைவரின் கீழ் இயங்கிய அணியில் ஃபிரிஹிலியானா இளைஞர்கள் ஏறத்தாழ இருபது பேர் சேர்ந்தனர். மலையிலிருந்து வருபவனுக்கு ரொட்டி கொடுத்தால் காவற்படை பிடித்தது. கொடுக்க மறுத்தால் மலையிலிருந்து வந்தவன் ஐயுற்றான். வயலுக்குப் போவதும் சந்தேகத்துக்குரியதாயிற்று. ஊருக்கு வெளியே சுடப்பட்டவர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் எவரும் வாய் திறக்கவில்லை. அவ்வூரிலேயே நெடுங்காலம் வாழ்ந்த பத்திரிகையாளர் டேவிட் பெயர்டு, இருதரப்பு முதியோரிடமும் கேட்டறிந்து அக்கதையை ஒரு நூலாக எழுதினார். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய குருதியைச் சுவரில் வண்ணமாகத் தீட்டலாம். பாட்டனார் காலத்துக் குருதியை அவ்வாறு தீட்டுவது எந்த ஊருக்கும் கடினமே. 2006 முதல் ஆகஸ்ட் இறுதியில் இவ்வூர் 'முப்பண்பாட்டு விழா' எடுத்து வருகிறது. கிறித்தவர், முசுலிம், யூதர் மூவரும் இணைந்து வாழ்ந்த காலத்தைக் கொண்டாடும் விழா அது. இசையும் உணவும் சிறப்பென்பர். நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் பன்னிரண்டு ஓடுகளையும் படித்துவிட்டு அவ்விழாவின் சுவரொட்டியைப் பார்க்கும்போது, இணைந்து வாழ்ந்த காலத்தைவிட அது முடிந்த விதமே நம் எண்ணத்தில் நிற்கிறது.

தோற்றவர்கள் தரப்பில் ஒரு வரிகூட இல்லை என்று மேலே கூறினோம். குன்றின் போரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அவர்கள் எழுதாதவர்கள் அல்லர். ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதி ஒரு மறைவிலக்கியம் வளர்த்தனர். 'அல்ஹமியாதோ' என்று அதற்குப் பெயர். நம் அரபுத்தமிழ் நூல்களை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. வடக்கே அரகோன் பகுதியிலுள்ள அல்மொனாசித் என்னும் ஊரில் 1884இல் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தளத்தின் அடியிலிருந்து இத்தகைய சுவடிகள் பெருங்குவியலாக வெளிப்பட்டன. வீடிடித்த பிள்ளைகள் சிலவற்றைக் கிழித்து விளையாடித் தீர்த்த பின்னரே அறிஞர் வந்து சேர்ந்தனர்.

ஃபிரிஹிலியானாவுக்கு மேற்கே, அதே ஆக்ஸார்க்கியாவில், கூத்தார் என்றொரு மலையூர் உண்டு. (தமிழ்ச் செவிக்கு இத்துணை இனிய ஸ்பானிய ஊர்ப்பெயர் வேறில்லை!) 2003இல் அங்கே ஒரு வீட்டைப் புதுப்பித்துக் கொண்டிருந்தபோது, அடைத்துப் பூசப்பட்டிருந்த சுவர்மாடம் ஒன்று உடைந்தது. உள்ளே வைக்கோலில் பொதிந்த மூன்று அரபுக் கையெழுத்துச் சுவடிகள். ஒன்று, பல தலைமுறைகளுக்கு முன்னரே எழுதப்பட்ட குர்ஆன் பிரதி. மற்ற இரண்டும் முகம்மது அல்-ஜய்யார் என்னும் ஊர்ச் சட்ட அறிஞருடையவை. சட்டக் குறிப்புகள், செய்யுட்கள், தம் காலத்து நிகழ்ச்சிகள் பற்றிய சொந்தக் குறிப்புகள். 1500ஐ ஒட்டி, ஊர்கள் மதம் மாற்றப்பட்ட நாட்களில் அவர் அவற்றைச் சுவருக்குள் வைத்துப் பூசியிருக்க வேண்டும். எரிக்காமல், எடுத்துச் செல்லவும் இயலாமல் மறைத்தவர், என்றாவது திரும்ப எடுக்கும் எண்ணத்தோடுதான் மறைத்திருப்பார். வைக்கோல் வைத்துப் பொதிந்த பக்குவம் அதைத்தான் சொல்கிறது. ஐந்து நூற்றாண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தோர் எவர்க்கும் தெரியாமல் அவை அங்கேயே இருந்தன. இப்போது அவை மாலகா மாவட்ட ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பரிபார்த்தோவிலும் வீடுகள் இடையறாது புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. வெளிநாட்டவர் வாங்கிய வீடுகள் அவற்றுள் பல. நாங்கள் கடைசியாகக் கண்ட சுவரோட்டின் எதிரில் ஒரு கொத்தனார் நின்று பழைய பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தார். கொத்தனாருக்கு ஸ்பானியத்தில் 'அல்பஞீல்'. அரபின் 'அல்-பன்னா' என்பதிலிருந்து வந்த சொல். படலம் படலமாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது. விரற்கடை அளவு கொத்திய பின்னும் கல் தெரியவில்லை.